வீட்டில் வார்க்கும் பிளாஸ்டிக் கத்தி உறை

கத்தி உறைக்கு இரண்டே வேலை. ஓடினாலும் குனிந்தாலும் கத்தி நழுவி விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கூர் எதிலும் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். இறுக்கினால் கூர் உரசும், தளர்த்தினால் கத்தி விழும். எந்தப் பொருளில் உறை செய்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. சூட்டில் இளகி, கத்தியின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அப்படியே படியெடுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக்கில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

பின்லாந்தின் பூக்கோ கத்தி இதற்கு ஒரு நல்ல பழைய விடை வைத்திருக்கிறது. அதன் தோலுறைக்குள் ‘லெஸ்தி’ என்ற மரக்கூடு ஒன்று இருக்கும். அலகு அந்த மரத்துக்குள் உரசாமல் கிடக்கும். ஈரமாக இருக்கும்போதே பிடியின்மேல் அழுத்தி வடிவேற்றிய தோல், காய்ந்தபின் பிடியைக் கவ்விக்கொள்ளும். அதாவது கத்தியைப் பிடிப்பது ஓரிடம், கூரைக் காப்பது வேறிடம். தமிழகத்துப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை இடுப்பில் கட்டிய பெட்டியில் இட்டுக்கொண்டு மரமேறுவர். அது கவ்வும் உறையல்ல, போட்டு எடுக்கும் பெட்டி. நிமிர்ந்தே ஏறி இறங்கும் தொழிலுக்கு அது போதும். புரண்டு தவழும் வேலைக்குப் போதாது.

தோலின் குறைகள் தெரிந்தவையே. நனைந்தால் ஊறும், ஊறினால் மெல்லக் காயும், அதற்குள் அலகில் துரு பூக்கும். பதனிடப் பயன்படும் பட்டைச் சாற்றின் அமிலமும் பித்தளைப் பூண்களைப் பச்சையேற வைக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை 1943-இல் ஏற்ற எம்3 கத்திக்கு முதலில் எம்6 என்ற தோலுறைதான் தரப்பட்டது. விரைவிலேயே எம்8 என்ற வார்ப்புறை அதன் இடத்தைப் பிடித்தது. ஸ்வீடனின் மோரா நகரத்துக் கத்திகள் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையோடுதான் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் இவையெல்லாம் ஆலை வேலை. பல்லாயிரம் உறைகள் செய்யும் ஆலைக்குத்தான் எஃகு அச்சு கட்டுபடியாகும். ஒரே ஒரு கத்திக்கு ஒரே ஓர் உறை என்றால் அந்தக் கத்தியே அச்சாக வேண்டும். அதற்குத் தகட்டுப் பிளாஸ்டிக் வர வேண்டியிருந்தது.

அந்தத் தகடுகளில் பெயர் பெற்றது கைடெக்ஸ். அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965-இல் விமானங்களின் உட்புறத்துக்காக இதை உருவாக்கியது. இப்போது பென்சில்வேனியாவின் புளூம்ஸ்பர்க் நகரில் செகிசுய் நிறுவனம் தயாரிக்கிறது. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பொருள் இது. விறைப்பும் வடிவேற்கும் குணமும் அக்ரிலிக்கின் கொடை. அடி தாங்குவதும் தீயில் எளிதில் பற்றாததும் பிவிசியின் கொடை. போல்டரான் என்பது ஏறத்தாழ இதே கலவையில் வரும் இன்னொரு தகடு. விமான இருக்கைக்கும் சுவர்ப் பலகைக்கும் செய்த பொருளைக் கத்தி செய்வோரும் கைத்துப்பாக்கி உறை செய்வோரும் தங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். சிறிய அடுப்பும் இரண்டு பலகையும் போதும் என்பதுதான் காரணம்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஒத்துவராது. பிவிசி, அக்ரிலிக், ஏபிஎஸ் போன்றவை சூடேறும்போது படிப்படியாக இளகும். ரப்பர் போல் துவளும் நிலையில் கொஞ்ச நேரம் நிற்கும். குடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆகும் பாலிஎத்திலீன் அப்படியல்ல. கட்டி வெல்லம் சட்டென்று பாகாவது போல், குறுகிய வெப்ப இடைவெளியில் உருகிவிடும். ஆறும்போது நன்றாகச் சுருங்கவும் செய்யும். அதில் அலகின் அளவு நிற்காது. முப்பரிமாண அச்சில் உறை செய்வோரும் உண்டு. அவர்கள் வழக்கமாக எடுக்கும் பிஎல்ஏ இழை 60 டிகிரி செல்சியசிலேயே தளர்ந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூட்டைத் தொடுவது கடினமில்லை. கைடெக்ஸுக்கு அந்த எல்லை 75 டிகிரிக்குச் சற்று மேல். அதுவும் பெரிய பாதுகாப்பு இல்லை, ஆனால் பிஎல்ஏயைவிட மேல்.

தகடு கிடைக்காத ஊரில் பலரும் கைவைப்பது தண்ணீர்க் குழாயான பிவிசி பைப்பில். நாலு இஞ்ச் பைப் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் குழாயை நீளவாக்கில் அறுத்து, சூடாக்கி, இரண்டு பலகைக்கிடையே அழுத்தினால் சுமார் 34 சென்டிமீட்டர் அகலத் தகடு கிடைக்கும். செலவு குறைவு, வடிவமும் ஏற்கும். இரண்டு குறைகளை மட்டும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். முதலாவது, பிளாஸ்டிக்குக்கு நினைவு உண்டு. கைடெக்ஸை மறுபடி சூடாக்கினால் தட்டையான தகடாகத் திரும்பும்; பைப் துண்டோ தான் பைப்பாக இருந்ததை மறக்காமல் வளையப் பார்க்கும். வெயிலில் கிடந்த பைப் உறை வாய் பிளந்து நிற்பதற்கு இதுவே காரணம். இரண்டாவது, ஈயம். சூட்டில் பிவிசி சிதையாமல் இருக்க ஈய உப்புகளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அதை நிறுத்தும் விதிகளை இந்திய அரசு 2021-இல்தான் வெளியிட்டது. ஆகவே பழைய பைப்பை அறுத்துத் தேய்த்துத் தூசி கிளப்புவது நல்லதல்ல. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே முறை. சமையல் கத்திக்கு அந்தப் பழைய பைப்பைத் தொடவே வேண்டாம்.

உறையின் அமைப்பு இரண்டு வகை. ஒரே தகட்டை அலகின் முதுகுப்பக்கம் மடித்து, கூர்ப்பக்கம் இரண்டு விளிம்பையும் சேர்த்து ஐலெட் (துளையில் இட்டு விளிம்பை விரித்து மடக்கும் உலோகக் குழல்) அடிப்பது ஒன்று. மடித்த தோசையை நினைத்துக்கொண்டால் போதும். அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ப் பண்டத்தை வைத்து இதை ‘டாக்கோ’ என்பர். இரண்டு தனித்தனித் தகடுகளுக்கிடையே கத்தியை வைத்து இருபுறமும் ஐலெட் அடிப்பது மற்றது. அதற்கு ‘பேன்கேக்’ என்று பெயர். மடித்த உறை ஒடுங்கலானது, கழுத்திலோ பையிலோ போட ஏற்றது. இரண்டு தகட்டு உறை அகலமானது, இடுப்போடு ஒட்டிக் கிடக்கும், இருபுறமும் பெல்ட் மாட்ட இடம் தரும். முதல் உறை செய்பவருக்கு இரண்டாவதே எளிது. மடிப்பை நேர்க்கோட்டில் விழவைப்பது கை பழகியபின்தான் வரும்.

தகட்டின் கனம் வழக்கமாக 1.5, 2, 2.4, 3.2 மில்லிமீட்டர். சிறு கத்திக்கு 1.5, நடுத்தரக் கத்திக்கு 2, வெட்டுக்கத்தி போன்ற கனமானவற்றுக்கு 2.4. அதற்கு மேல் போனால் உறைவாய் விரிந்துகொடுக்காது. அளவெடுப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அலகின் நீளம் 110, அகலம் 30, முதுகுக் கனம் 3.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மடித்த உறைக்குத் தகட்டின் அகலம், இரண்டு முறை 30, அதோடு 3.5, கூர்ப்பக்கத்தில் ஐலெட்டுக்கு ஒவ்வொரு புறமும் 30. ஆக ஏறத்தாழ 125. நீளம், அலகுக்கு 110, பிடியின்மேல் ஏறுவதற்கு 25, முனைக்குக் கீழே 20, அறுத்துத் திருத்த 10, ஆக 165. தகட்டைச் சூடாக்கினால் ஒரு திசையில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் தாராளமாக வெட்டுவதே நல்லது.

உறையின் தலையெழுத்து பெரும்பாலும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அலகின்மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டும் வேலையைத்தான் சொல்வது. கத்தியை வெறுமனே வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் அலகோடு அலகாக ஒட்டிப் படியும். பிறகு ஒவ்வொரு முறை உருவும்போதும் எஃகின் பளபளப்பைத் தேய்க்கும். இருபுறமும் ஒன்று அல்லது இரண்டு சுற்று டேப் ஒட்டி, கூரின்மேல் கூடுதலாக ஒரு பட்டை மடித்து ஒட்டினால், டேப்பை உரித்தபின் அத்தனை இடைவெளி உள்ளே மிஞ்சும். பிடி தொடங்கும் இடத்தில் மட்டும் டேப் கூடாது. அங்கேதான் உறை கத்தியைக் கவ்வ வேண்டும். லெஸ்தி செய்யும் அதே காரியத்தைப் பிளாஸ்டிக்கில் செய்வது இந்தச் சில அங்குல டேப்தான்.

அலகில் ஓட்டையோ நீளப் பள்ளமோ விரல் வழுக்காதிருக்க வெட்டிய பற்களோ இருந்தால், இளகிய தகடு அவற்றுக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். களிமண்ணோ டேப்போ வைத்து அவற்றை முன்பே மேவிவிட வேண்டும். நடுவில் பருத்து அடியில் ஒடுங்கிய இலை வடிவ அலகு இன்னும் வில்லங்கமானது. அதன் அகன்ற பகுதி ஒடுங்கிய உறைவாய் வழியாக வெளிவர வேண்டுமே. முதுகோரமாக ஒரு மரக்குச்சியை டேப்பால் சேர்த்து ஒட்டி, அகன்ற இடம் முதல் உறைவாய் வரை ஒரே அகலமாக்கிவிட்டால் வழி கிடைக்கும்.

இனி சூடு. வீட்டுப் பட்டறைக்கு 160 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை போதும். சிறிய ஓவனின் குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைப்பது அவசியம். இரண்டு மில்லிமீட்டர் தகடு சில நிமிடங்களில் பதமாகும். நேரத்தைவிடத் தகட்டைப் பார்ப்பதே மேல். முதலில் ஓரங்கள் லேசாகத் தூக்கும், பிறகு படியும். கையுறை போட்டு ஒரு முனையைத் தூக்கினால் ஈரத்தோல் போலத் துவண்டு தொங்க வேண்டும். அட்டை போல் விறைப்பாக எழுந்தால் இன்னும் ஆகவில்லை. மேற்பரப்பில் இருக்கும் சொரசொரப்பு மறைந்து திட்டுத்திட்டாக மின்னினால் பதம் தாண்டுகிறது என்று பொருள். ஓரம் பழுப்பேறி மூக்கைக் குத்தும் நெடி வந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டுக் கதவு சன்னலைத் திறக்க வேண்டும். பிவிசி சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். அது மூச்சுக்குழாயை எரிக்கும், பட்டறையில் இருக்கும் இரும்புக் கருவிகளையும் துருவேற்றும். உறை வார்க்கும் ஓவனில் பிறகு ரொட்டி சுடக் கூடாது என்பது விவாதத்துக்கு இடமில்லாத விதி. எரிவாயு அடுப்பின் தீயில் காட்டி வளைப்பது பைப் வேலைக்காரர்களின் கைவழக்கம். உறைக்கு அது ஆகாது, ஒருபுறம் கருகும்போது மறுபுறம் விறைப்பாகவே இருக்கும். ஹீட் கன் சிறு திருத்தங்களுக்கு நல்லது, முழுத் தகட்டையும் சீராகச் சூடாக்க அதனால் முடியாது.

ஓவனிலிருந்து எடுத்த தகடு வேலைக்கு இடம் கொடுப்பது கால் நிமிடத்துக்கும் குறைவு. அழுத்துபலகை திறந்து, கத்தி கையெட்டும் தூரத்தில், கிளாம்ப்கள் வாய் திறந்த நிலையில் தயாராக இருக்க வேண்டும். ஓவன் கதவைத் திறந்தபின் கிளாம்ப் தேடுபவர் ஆறிப்போன தகட்டைத் திரும்ப அடுப்பில் வைக்க வேண்டியதுதான். அழுத்துபலகை என்பது கீலால் பிணைத்த இரண்டு ஒட்டுப்பலகைகள். உட்புறம் இரண்டிலும் கெட்டியான, நீர் ஊறாத ஃபோம். மெத்தைப் பஞ்சு இதற்கு உதவாது, அமுங்கிப் போய்விடும். இரண்டு தகட்டு உறையென்றால் கீழே ஒரு தகடு, அதன்மேல் கத்தி, மேலே மற்றொரு தகடு என அடுக்கி மூடி, நான்கு மூலையிலும் கிளாம்ப் முறுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுவர். ஃபோம் சூட்டை வெளியே விடாது, உள்ளே தகடு மெல்லத்தான் ஆறும். அவசரப்பட்டுத் திறந்தால் உறைவாய் விரியும். திறக்கும்போது பிடியின் ஓரக்கோடு தகட்டில் துல்லியமாகப் பதிந்திருக்க வேண்டும்; மங்கலாக இருந்தால் கத்தி கவ்வப்படாது. கவலைப்பட ஒன்றுமில்லை, திரும்பச் சூடாக்கினால் தகடு தட்டையாகிவிடும். வெட்டிய தோலில் செய்த பிழைக்கு இந்த மன்னிப்பு கிடையாது.

ஐலெட் அடிக்கும் வரிசை எங்கே ஓட வேண்டும் என்பதில் பலர் சறுக்குகின்றனர். கூரின் கோட்டிலிருந்து ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் தள்ளி ஓட்டை விளிம்பு இருப்பது நல்லது. நெருங்கினால் கூர் உலோகத்தில் பட்டு மழுங்கும். விலகினால் இரண்டு தகடும் இடையில் வாய் திறக்கும். கால் அங்குல ஐலெட்டுக்கு 6.5 மில்லிமீட்டர் துரப்பணம். இரண்டு தகடும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் என்றால் ஐலெட்டின் உடல் 7 இருக்க வேண்டும், மிகும் மூன்றுதான் மடங்கிப் பூப்போல விரிவது. முதல் ஐலெட் உறைவாய் அருகில், பிடிக்கு நெருக்கமாக. கவ்வும் இறுக்கம் முழுவதும் அந்த ஒன்றை நம்பியிருக்கிறது. ஐலெட் அடிக்கும் கருவி இல்லாதவர் நட்டும் திருகும் போடலாம். அழகு குறையும், ஆனால் கழற்றிக் கழுவலாம் என்ற வசதி கூடும். உள்ளபடி சமையலறைக்கும் மீன் வெட்டும் இடத்துக்கும் அதுவே சிறந்தது.

விளிம்பை ஹாக்சாவால் அறுத்து, 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400 என்று தேய்த்துக்கொண்டு போவது பொறுமை வேலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் விடக் கூடாது. தேய்த்த தூள் உறைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை கத்தியைக் கீறுகிறது என்ற புகாரில் பாதி, பிளாஸ்டிக்கால் வருவதல்ல. அதில் சிக்கிய உப்புத்தாள் மணலால் வருவது. சோப்புத் தண்ணீரில் உறையை நன்றாக அலசிக் காயவைத்தபின்தான் கத்தியை முதல்முறை நுழைக்க வேண்டும். முனையில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் தேவை. பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மை. உறிஞ்சாததாலேயே உள்ளே புகுந்த ஈரம் போக்கிடமின்றி அலகோடு கிடக்கும் என்பதும் உண்மை. துருப்பிடிக்கும் கார்பன் எஃகுக் கத்தியை மாதக்கணக்கில் உறையிலேயே விட்டுவைப்பது தோலில் எவ்வளவு தவறோ பிளாஸ்டிக்கிலும் அவ்வளவு தவறு.

சோதனை எளிது. தரையில் பழந்துணி விரித்து, அதன்மேல் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும். கத்தி விழக் கூடாது. பிறகு பிடியைப் பற்றிய கையின் கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளினால் ‘டக்’ என்று விடுபட வேண்டும். திரும்ப நுழைக்கும்போதும் அதே ஒலி கேட்கும். விழுந்தால், பிடியைச் சுற்றிய பகுதியை மட்டும் ஹீட் கன்னால் இளக்கி விரலால் அழுத்தி ஆறவிடுவர். உருவவே வராவிட்டால் அதே இடத்தைச் சூடாக்கி, கத்தியை உள்ளே வைத்தபடி லேசாக அசைத்து விடுவர். உருவியபின் கூரில் பிளாஸ்டிக் சுருள் ஒட்டியிருந்தால் அலகு சுவரைச் சீவுகிறது என்று பொருள், டேப் போதவில்லை. இரண்டு மூன்று முறை சூடாக்கித் திருத்துவது வழக்கமே, அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்குக்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் உள்ளன. கடுங்குளிரில் அடிபட்டால் கைடெக்ஸ் விரிசல் விடக்கூடும். தோல் சத்தமின்றித் தரும் கத்தியை இது ஒலியோடு தரும். பளபளவென்று மெருகேற்றிய அலகில், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், நாளடைவில் நீளக் கோடுகள் விழும். ஆகவே அழகுக்காக வைத்திருக்கும் கத்திக்குத் தோலும் மரமுமே பொருத்தம். ஜப்பானியர் சமையல் கத்திக்கு இடும் ‘சாயா’ என்ற மர உறையை எந்தப் பிளாஸ்டிக்கும் வெல்லவில்லை. சேற்றிலும் மழையிலும் படகிலும் புழங்கும் கத்திக்கு மட்டும் வார்த்த பிளாஸ்டிக்குக்கு நிகர் இல்லை.

எடுத்துச் செல்வது பற்றி ஒன்று. உறை போட்டிருப்பதால் கத்தி சட்டத்தின் கண்ணிலிருந்து தப்பிவிடாது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்களுக்கென்று செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுத வகையில் சேர்கிறது.

கத்தி தொலைந்தாலோ தேய்ந்து மெலிந்தாலோ உறையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஐலெட்டின் விரிந்த விளிம்பைத் துரப்பணத்தால் அரைத்துக் கழற்றி, தகட்டை ஓவனில் வைத்தால் ஏறத்தாழ பழையபடி தட்டையாகும். ஓட்டை விழுந்த ஓரத்தை அறுத்துத் தள்ளினால், மிஞ்சும் துண்டில் இன்னொரு சிறிய கத்திக்கு உறை வார்க்கலாம்.